மின்னல் வேகத்தில் ஓர் ‘இல்லை’

படித்த படிப்பைப் புகுந்த வீட்டில் காட்ட நினைக்கும் மருமகள்களுக்கு நான் சொல்வது இதுதான்: காட்டுங்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் காட்டுங்கள். சேதம் வீட்டோடு போகும். நான் திங்கட்கிழமை காலையில் காட்டினேன். பழனிசெட்டிபட்டியில் பாதி ஊர் இணையம் இல்லாமல் உட்கார்ந்தது.

எங்கள் வீட்டுத் தொழில் கேபிள் டிவி. பிறகு அதே கம்பங்களில் இணைய வயரையும் கட்டிவிட்டார்கள். அத்தைதான் முதலாளி, ஆபீஸில் உட்கார்ந்து புகார் போனை எடுப்பதும் அவர்தான். கம்பம் ஏறுவது என் கணவர். (எங்கள் பக்கம் ‘கம்பத்துக்குப் போயிருக்காரு’ என்றால் கம்பம் என்கிற ஊருக்கா, போஸ்ட்டுக்கா என்று இன்னொரு தடவை கேட்க வேண்டும்.) நான் ஆண்டிபட்டிக்காரி. சென்னையில் கணினி வேலை பார்த்துவிட்டுக் கல்யாணமாகி வந்தவள். வந்த புதிதில் எனக்குக் கொடுக்கப்பட்ட தொழில்நுட்பப் பொறுப்பு, ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றுவது.

ஆபீஸ் மூலையில் ஒரு பழைய கணினி ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் டி.என்.எஸ். சர்வர். நாம் ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டினால், அதற்கு உரிய எண் முகவரியைக் கேட்டுச் சொல்வது அதன் வேலை. அது வாயைத் திறக்காவிட்டால் வயர் இருந்தும் பயனில்லை. அதில் ஓடியது ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். உலகம் முழுக்க இருக்கிற ஆட்கள் சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று சும்மா கொடுப்பது.

“அத்தை, இத நான் சரி பண்ணட்டுமா? வேகமும் கூடும், பாதுகாப்பும் கூடும்” என்றேன்.

“இப்ப என்ன கெட்டுப்போச்சு?”

“கெட்டுப்போகல. இன்னும் நல்லா ஆக்கலாம்.”

“நல்லா இருக்கிறத நல்லா ஆக்குறேன்னுதான் உங்க மாமா எங்க பழைய மிக்ஸியக் கழட்டுனாக” என்றார் அத்தை. அதை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

கணினியை அணைத்து, வயரைப் பிடுங்கி, கூடுதலாக மெமரி வைத்தேன். அது வேகத்துக்கு. புதிய பதிப்பை ஏற்றி, வருகிற ஒவ்வொரு பதிலிலும் இருக்கும் மின்னணுக் கையெழுத்து உண்மையானதா என்று சோதித்த பிறகே ஏற்கும்படி ஒரு வசதியைப் போட்டேன். அது பாதுகாப்புக்கு. வங்கியின் பெயரில் போலிப் பக்கத்துக்கு இழுத்துப்போகும் திருடர்களின் பதிலுக்கு நம் ஊரில் இனி இடமில்லை.

பிறகு வேகத்தைச் சோதித்தேன். கேள்விகளை வரிசையாக அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் சின்ன நிரலை நானே எழுதியிருந்தேன். முன்பு யோசித்து யோசித்துப் பதில் சொன்ன கணினி, இப்போது கேட்டு முடிப்பதற்குள் சொன்னது. எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்தத் திரையைப் படம் எடுத்துச் சென்னைத் தோழிகளுக்கு அனுப்பினேன். (என் போன் அதன் சொந்த டேட்டாவில் ஓடியதால் படம் போய்ச் சேர்ந்தது. அப்போதே போகாமல் இருந்திருந்தால் உஷாராகியிருப்பேன்.)

பதில் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று பார்த்தேனே தவிர, என்ன பதில் வருகிறது என்று பார்க்கவில்லை. எல்லாக் கேள்விக்கும் வந்த பதில் ‘சொல்ல முடியாது’. ‘இல்லை, போ’ என்று சொல்ல யாருக்குத்தான் நேரம் ஆகும்?

புகார் போன் அடித்தது. “உங்க பெட்டிய ஒருக்கா அணச்சுட்டுப் போடுங்க” என்றார் அத்தை. மறுபடி அடித்தது. மறுபடி அதையே சொன்னார். அடுத்து போன் ஓயவில்லை. அப்புறம் ஆட்களே நேரில் வர ஆரம்பித்தார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர், டியூஷன் எடுப்பவர், இணையத்தில் பார்க்கும் சீரியல் விட்டுப்போன இரண்டு அக்காமார். ஆபீஸ் சுவரில் இணையத்தில் ஓடும் பெரிய டிவியில் யாரோ ஒருவர் ரிமோட்டை அமுக்கிக்கொண்டே இருந்தார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“என்னத்தா பண்ணுன?” என்றார் அத்தை, மெதுவாக.

“நான் பண்ணது சரியாத்தான் இருக்கு அத்தை. மென்பொருள்லதான் கோளாறு.”

சொன்னதோடு நில்லாமல், போனிலேயே அந்த மென்பொருளை எழுதுகிறவர்களின் பொது மன்றத்தில் ஒரு புகாரும் எழுதினேன். உங்கள் புதிய பதிப்பு உலகத்தில் உள்ள எல்லாக் கையெழுத்தையும் போலி என்கிறது, வெளியிடும் முன் சோதிக்க மாட்டீர்களா என்று. என் முழுப் பெயரோடு.

அந்த நேரத்தில் ஜேக்கப் அண்ணாச்சி மகள் ஜெபாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவர், வீடு எங்கள் பக்கத்துத் தெரு. ஜெபா கையில் விரித்தபடியே லேப்டாப். கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது.

“இன்னும் பத்து நிமிசத்துல பிள்ளைக்கு இண்டர்வியூ. மொத வேலைக்கு. வீட்டுக்குள்ள போன் சிக்னலும் எடுக்கல. என்ன செய்யப்போறீக?” என்றார் அண்ணாச்சி. கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

அத்தை எழுந்தார். தன் நாற்காலியில் ஜெபாவை உட்காரவைத்தார். தன் சொந்த போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு மேசையில் வைத்தார். புகார் போனை அணைத்தார். கூட்டத்தைப் பார்த்து, “பிள்ளைக்கு நேர்முகம். முடியிற வரைக்கும் யாரும் மூச்சு விடப்படாது. திட்டுறவுக எல்லாம் அப்படியே வரிசையா நில்லுங்க, அப்புறமாத் திட்டலாம்” என்றார்.

நின்றார்கள். கோபத்தோடு வந்த ஓர் ஊர்க்கூட்டம் சத்தமில்லாமல் திட்டுவதை நான் அன்றுதான் பார்த்தேன். ஜெராக்ஸ்காரர் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். டியூஷன்காரர் உதட்டை மட்டும் அசைத்தார். எனக்கு வாயசைவு படிக்கத் தெரியாமல் போனது அவருடைய நல்லகாலம்.

என் போன் அதிர்ந்தது. மன்றத்தில் பதில். நான் எழுதிய நீண்ட புகாருக்குக் கீழே யாரோ ஒருவர் மரியாதையாக ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: ‘உங்கள் கணினியில் இப்போது என்ன தேதி?’

பார்த்தேன். அந்தக் கணினியின் கணக்குப்படி நான் இன்னும் பள்ளிக்கூடத்துக்கு ரெட்டைச் சடை போட்டுக்கொண்டிருந்தேன்.

உள்ளே கடிகாரத்தை ஓடவைக்கும் சின்ன பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. நான் வயரைப் பிடுங்கியதும் தேதி பல வருடம் பின்னால் போய்விட்டது. ஒவ்வொரு கையெழுத்துக்கும் செல்லுபடியாகத் தொடங்கும் தேதி ஒன்று உண்டு. இன்னும் பிறக்காத தேதியில் போட்ட கையெழுத்தை யார் நம்புவார்கள்? சரி, இணையத்தில் நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளக் கூடாதா என்றால், நேரம் சொல்கிற இடத்துக்கும் முகவரி வேண்டும். அந்த முகவரியையும் இது போலி என்று விரட்டிவிட்டது. (ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றும் பொறுப்பில் இருந்தவள் நான் என்பதைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.)

தேதியை மாற்றினேன். சர்வரை மறுபடி ஓடவிட்டேன். ஊருக்கே இணையம் வந்தது.

சுவர் டிவிக்கும் வந்தது. அதுவும் முழுச் சத்தத்தில்.

“இப்ப இஞ்சி பூண்டு விழுதப் போட்டு, பச்ச வாசன போக நல்லா வதக்குங்க” என்று ஒரு பெண் குரல் ஆபீஸ் அதிரச் சொன்னது. கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் உஸ் என்றது. அது டிவியைவிடச் சத்தமாக இருந்தது.

ஜெபாவிடம் சரியாக அப்போதுதான், நெருக்கடியான சூழ்நிலையில் வேலை செய்ய முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அவள் ஒரு விநாடி கண்ணை மூடினாள். பிறகு லேப்டாப்பை அப்படியே திருப்பிக் கூட்டத்தைக் காட்டினாள்.

“இப்ப இப்படித்தான் பேசிட்டு இருக்கேன் சார்” என்றாள்.

மாட்டிக்கொண்ட கூட்டம் வேறு வழியில்லாமல் கும்பிட்டது. அண்ணாச்சியும் கும்பிட்டார். நான் சர்வருக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். லேப்டாப்பிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

அவளுக்கு வேலை கிடைத்தது. அண்ணாச்சி ஒரு பை ஏலக்காய் கொண்டுவந்து அத்தையிடம்தான் கொடுத்தார். என் பக்கம் திரும்பவில்லை.

அந்த மென்பொருளின் அடுத்த பதிப்பில் ஒரு புது வசதி வந்தது. கணினியின் தேதி நம்பும்படி இல்லையென்றால், எடுத்த எடுப்பிலேயே அது எச்சரித்துவிடும். என்னென்ன மாறியது என்று சொல்லும் குறிப்பில், பிரச்சினையைச் சுட்டிக்காட்டியவருக்கு நன்றி என்று என் பெயரும் இருக்கிறது. உலக இணையப் பாதுகாப்புக்கு என் பங்களிப்பு என்று வெளியாட்களிடம் சொல்லிக்கொள்கிறேன். வீட்டில் சொல்ல முடியாது.

வீட்டில் நான் எதை உறுதியாகச் சொன்னாலும் வருகிற கேள்வி ஒன்றுதான். போன வாரம் புது எடை மெஷினில் ஏறி நின்று, மூன்று கிலோ குறைந்துவிட்டேன் என்று ஆசையாகச் சொன்னேன். அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அந்தப் பெட்டியில என்ன தேதின்னு மொதப் பாருத்தா” என்றார்.