பள்ளியின் சார்பில் ஒரு கல்யாணம்

குளிர்கால விடுமுறை என்பது மாணவர்களுக்கு விடுமுறை, உள்ளூர் ஆசிரியர்களுக்கு வீட்டிலிருந்தபடி மேற்கொள்ளும் சுயபயிற்சி, அயல்நாட்டு ஆங்கில ஆசிரியருக்கு வேலை நாள். கொரியாவின் கங்வோன் மலைப்பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் இதைப்பற்றி யாருக்கும் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. பாடம் கிடையாது, பிள்ளைகள் கிடையாது. ஆனால் அயல்நாட்டு ஆசிரியர் காலையில் வந்து, வாசலில் காலணியைக் கழற்றி, உள்செருப்பை மாட்டிக்கொண்டு, மாலை வரை தம் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த வருடம் நாற்காலிக்கு உரியவள் ரியானா, தென்னாப்பிரிக்காக்காரி. அவளோடு சேர்ந்து பாடம் எடுப்பவள் சோன்ஜு. ரியானாவிடம் பள்ளி சொல்ல விரும்பிய எல்லாவற்றையும் சோன்ஜுவின் வாய்தான் சொல்லும். அதனால் ரியானாவின் கோபமும் முதலில் சோன்ஜுவின் முகத்தில்தான் விழும்.

டிசம்பரில் சோன்ஜு துணைத் தலைமையாசிரியர் மேங்கின் முன்னால் போய் நின்றாள்.

"சார், ரியானாவோட தங்கச்சிக்குக் கல்யாணம்."

மேங் எழுந்தே நின்றுவிட்டார். "ரொம்ப சந்தோஷம்! எப்ப?"

"ஜனவரியில. ஒரு வாரம் லீவு கேக்கறாங்க."

மேங் உட்கார்ந்தார். "ஜனவரியில அவங்களுக்கு வேலை இருக்கே."

"பசங்களே வரமாட்டாங்களே சார்."

"அதனாலதான். பசங்க இருந்தா நீங்க பாத்துக்குவீங்க. யாருமே இல்லாத நேரத்துல ஆங்கிலத்துக்குன்னு ஒரு ஆள் இருக்க வேணாமா?"

"அவங்க லீவு பாக்கி இருக்கு சார்."

"லீவை விடுமுறையிலதான் எடுக்கணும். அவங்களுக்குத்தான் விடுமுறையே கிடையாதே."

சோன்ஜு இதை ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தாள். எங்கும் ஓட்டை இல்லை.

"அவங்களே கல்யாணம் பண்ணிக்கிட்டா தாராளமா லீவு தரலாம்" என்றார் மேங், கனிவோடு.

ரியானா அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "மாப்பிள்ளைய நான் கட்டிக்கட்டுமான்னு தங்கச்சிய கேட்டுப் பாக்கறேன். ஏன்பா, நீ பதிலுக்கு எதுவும் பேசலையா?"

"லீவு பாக்கி இருக்குன்னு சொன்னேன்."

"அம்மா எனக்குன்னு முன்வரிசையில நாற்காலி போட்டுவெக்கறதா சொல்லியிருக்காங்க, சோன்ஜு."

ஜனவரி வந்தது. காலிக் கட்டடத்தில் அயல்நாட்டவர் தனியாக இருப்பது பாதுகாப்பு அல்ல என்று கண்டறியப்பட்டு, சோன்ஜுவும் வரவழைக்கப்பட்டாள். இரண்டு பேருக்காக வெப்பமூட்டியைப் போடுவது அரசுச் சொத்தை வீணாக்குவது என்பதும் கண்டறியப்பட்டது. இருவரும் பஞ்சு கோட்டோடு உட்கார்ந்து, விறைத்துப்போன கிம்பாப் சோற்றுச் சுருளைத் தின்றார்கள்.

இதற்கிடையில் மேங்கின் மனம் அமைதி இழந்தது. ஆசிரியர் வீட்டு விசேஷம் எதையும் அந்தப் பள்ளி விட்டதில்லை. கணக்கு வாத்தியாருடைய மைத்துனியின் கல்யாணத்துக்கே பள்ளியின் பெயர் எழுதிய ரிப்பனோடு மூன்றடுக்கு மலர்க்கோபுரம் போனது. பின்னாலேயே பள்ளியின் சார்பில் ஓர் ஆளும் போனார்.

"ரியானா டீச்சர் நம்ம குடும்பம். அவங்க தங்கச்சி கல்யாணத்துக்கு நாம போகாம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார் சோன்ஜுவிடம்.

சோன்ஜு சட்டென்று முந்திக்கொண்டாள். "அப்ப அவங்களையே பள்ளியோட பிரதிநிதியா அனுப்பிடலாமே சார்!"

"அது எப்படிம்மா? அவங்க பொண்ணு வீட்டுக்காரங்க. வீட்டுக்காரங்களே விருந்தாளியா வர முடியுமா?"

பள்ளியின் பிரதிநிதியாக மேங் போவதற்குக் கல்வித்துறையின் மேல் அலுவலகம் உடனே ஒப்புதல் அளித்தது. பயணத்தின் பெயர், பன்னாட்டுக் கல்வி உறவு மேம்பாடு. மலர்க்கோபுரத்தை விமானத்தில் ஏற்ற முடியாதென்பதால் மேங் ரிப்பனை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டார். கூடவே ஒரு வைக்கோல் தொப்பியும். கிளம்பும் முன் ரியானாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கச் சொன்னார். "கடல்ல அலை பெருசா இருக்குமா?"

அங்கே கல்யாணம் காலையில். இங்கே அது பொழுது சாயும் நேரம். ரியானாவின் கைபேசியில் தங்கை வெள்ளை உடையில் நடந்து வந்தாள். முன்வரிசையில், நெஞ்சுக்குக் குறுக்கே பள்ளியின் ரிப்பனோடு மேங் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவர் உக்காந்திருக்கறது என் நாற்காலி" என்றாள் ரியானா.

சோன்ஜு பொட்டலக் காபியைக் கலக்கிக் கொடுத்தாள். இருவரும் அதைக் குடிக்காமல் கோப்பையில் கையைச் சூடாக்கிக்கொண்டார்கள்.

மேங் நன்றாகக் கறுத்துத் திரும்பி வந்தார். ரியானாவுக்கென்று அவள் அம்மா கொடுத்தனுப்பிய உப்புக்கண்டத்தில் பாதியை மேசையில் வைத்தார். மீதி வழியில் தீர்ந்திருந்தது.

"நீங்க ஏன் வரலைன்னு அம்மா கேட்டாங்க. வேலைன்னு வந்துட்டா உங்களுக்கு வீடே கண்ணுக்குத் தெரியாதுன்னு சொன்னேன். அழுதுட்டாங்க. பெருமையில."

சோன்ஜு இதையும் மொழிபெயர்த்தாள்.

பிப்ரவரியில் ஒப்பந்தம் முடிந்து ரியானா ஊருக்குப் போனாள். பேருந்து நிலையத்தில் சோன்ஜு சொன்னாள், "அடுத்து வர்றவங்களுக்கு இப்படி நடக்க விடமாட்டேன். சண்டை போடுவேன்." ரியானா அவளைக் கட்டிக்கொண்டாள்.

மேல் அலுவலகம் இதை முன்மாதிரி என்று பாராட்டிச் சுற்றறிக்கை விட்டது. மாவட்டம் முழுக்க அது பற்றிக்கொண்டது. பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியர் அயர்லாந்தில் ஒரு பெயர்சூட்டு விழாவுக்குப் போய்வந்தார். நேர்காணலில் உச்சரிப்பைச் சோதிப்பது நின்று, மணமாகாத உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்கும் வழக்கம் வந்தது. அந்தக் கேள்வியைத் தலை குனிந்தபடி மொழிபெயர்த்தவள் சோன்ஜு. நான்கு அக்காக்கள் உள்ள நியூசிலாந்துக்காரன் கேலம் ஒருமனதாகத் தேர்வானான்.

அடுத்த டிசம்பரில் முதல் பனி விழுந்த அன்று மேங் சோன்ஜுவைக் கூப்பிட்டார். "எப்பவும் நானே போனா நல்லா இருக்காதும்மா. இந்தத் தடவை பிரதிநிதி நீங்கதான்."

சோன்ஜு தன் இடத்துக்குத் திரும்பி உட்கார்ந்தாள். எதிரே கேலம் தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

"சோன்ஜு டீச்சர், பெரிய அக்காவுக்கு ஜனவரியில கல்யாணம். ஒரு வாரம்... ஏதாவது பண்ண முடியுமா?"

சொல்ல வேண்டியதையெல்லாம் சோன்ஜு ஒரு வருடமாக மனத்தில் சேர்த்து வைத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மைதானம் வெளுத்துக்கொண்டிருந்தது. உள்செருப்புக்குள் விரல்கள் மரத்துப்போயிருந்தன.

எழுந்து நின்றாள்.

"ரொம்ப சந்தோஷம்! கடற்கரைப் பக்கமா?"