மாப்பிள்ளை பஸ்ஸும் எங்கள் ஒழுங்கையும்

ஊரைத் திருத்தப் புறப்பட்டவனுக்கு அல்லாஹ் பாடம் நடத்தினால், ஊர் பார்க்கத்தான் நடத்துவான். எனக்கு அப்படித்தான் நடந்தது.

மாவடிப்பள்ளியில் எங்கள் ஒழுங்கைக்கு, அந்தக் குறுகிய தெருவுக்கு, கொங்கிரீட் போட்டதிலிருந்து நான்தான் அதற்குக் காவல். (சம்பளமில்லை; யாரும் கேட்கவுமில்லை.) அறுவடைக் காலத்தில் பக்கத்து வீட்டு றபீக் மச்சானின் நெல் லொறி முகப்பில் தலை நீட்டினால், நடுவில் போய் நிற்பேன்.

"ரோடு தாங்காது மச்சான். மூட்டைய இறக்கி நடந்து கொண்டு போங்க!"

பாவம், முணுமுணுத்துக்கொண்டே தலையில் சுமப்பார்.

மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளைக்கு ஊர் பொத்துவில். பத்து வேன் வந்தால் ஒழுங்கை அடைத்துவிடும், ஒரே பஸ்ஸில் எல்லோரும் வந்து வாசலில் இறங்கட்டும் என்றேன்.

"பஸ் சந்தியில நிக்கட்டும். அதுவும் பாரந்தானே?" என்றாள் மனைவி.

"சம்பந்திய வெயில்ல நடக்க விடுறதா? மனிசன் என்ன நெல் மூட்டையா, புள்ள?"

லுஹர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். பந்தலில் மௌலவியும் சபையும் காத்திருக்க, நான் முகப்பில் நின்று பஸ்ஸுக்குக் கையாட்டினேன்.

"காக்கா, கொங்கிரீட் தாங்குமா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் டிரைவர்.

"பிஸ்மில்லாஹ் சொல்லி வாங்க தம்பி!"

பாதி ஒழுங்கை வந்ததும் 'மடார்' என்றொரு சத்தம். கொங்கிரீட் பிஸ்கட்டாய் நொறுங்கி, பஸ்ஸின் பின்சில்லு அடிச்சேற்றில் புதைந்தது. பஸ்ஸோடு மாப்பிள்ளையும் சரிந்து, ஜன்னல் வழியாக என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். மகளின் நிக்காஹ் என் வாயால் நின்றுபோகுமோ என்று, அந்தச் சேற்றில் இறங்கி பஸ்ஸைத் தள்ளிப் பார்த்தேன்.

பின்னாலிருந்து றபீக் மச்சானின் குரல் வந்தது:

"ரோடு தாங்காது மச்சான். மூட்டையெல்லாம் இறங்கி நடக்கட்டும்!"

முதலில் சிரித்தது சம்பந்திதான். ஒவ்வொருவராக இறங்க இறங்க, அந்தப் பெரிய பஸ் மூச்சு வாங்குவதுபோல மெல்ல மெல்ல மேலெழும்பியது. வாய் பிளந்து நின்றேன். ஸுப்ஹானல்லாஹ்! ஒன்றாய் உட்கார்ந்து கொங்கிரீட்டை உடைத்த அதே மனிதர்கள், அதே கொங்கிரீட்டில் ஒரு கீறலும் விழாமல் நடந்து போனார்கள். தலையில் சீர்த் தட்டங்கள், இடுப்பில் பிள்ளைகள், நடுவில் மாப்பிள்ளை. வீட்டுக்கு வீடு படலை திறந்து ஸலாம் சொன்னார்கள். பஸ் வாசலுக்கே வந்திருந்தால் அந்தக் காட்சி எனக்குக் கிடைத்திருக்காது. நிக்காஹும் நேரத்துக்கே நடந்தது. (மகளைக் கொடுக்கும் பொறுப்பாளராக, வலியாக, உட்கார்ந்த என் சாரனில் மட்டும் முழங்கால்வரை சேறு.)

எங்கள் பக்க வழக்கப்படி மருமகன் பெண் வீட்டில்தான் இருப்பார். ஆகவே எனக்குத் தப்பவே வழியில்லை. நாள் தவறாமல், ஒட்டுப்போட்ட அந்த இடத்தில் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி, உருட்டிக்கொண்டே குரல் கொடுக்கிறார்:

"மாமா, மூட்டை நடந்து வருது!"