கிம்பெய்யின் தனியறை

"உள்ரூம்ல யாரு இருக்காங்க?" என்று பக்கத்து வீட்டு மிசாவா அம்மா வாசலில் நின்று கேட்டபோது, நிஷிவாகியின் ஒரு காலில் கூடத்துச் செருப்பும் இன்னொரு காலில் உள்ரூம் செருப்பும் இருந்தன.

உள்ரூமில் இருந்தது கிம்பெய் என்கிற ஆமை. வாணலி அளவு இருக்கும். ரயில் நிலைய டிக்கெட் கவுண்டரில் கூடவே வேலை பார்த்தவர் சப்போரோவுக்கு மாற்றலாகிப் போகும்போது, அந்தக் குளிர் இதற்கு ஆகாது என்று நிஷிவாகியின் தலையில் கட்டிவிட்டுப் போனார். கூடத்தில் ஏற்கெனவே அஸூகி, தைஸு என்று இரண்டு ஆமைகள். புதிதாக வந்ததற்கு ஏதாவது நோய் இருந்தால் பழையவை இரண்டும் போய்ச் சேர்ந்துவிடும், அதனால் கோடை முடியும்வரை தனியறை, தனித் தட்டு, தனிச் செருப்பு என்று ஆமை டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

இதில் ஒரு சங்கடம். அந்தக் குடியிருப்பில் பிராணிகள் வளர்க்கக் கூடாது. கல்யாணம் காட்சி எதிலும் சிக்காமல் ஐம்பதைத் தாண்டிவிட்ட நிஷிவாகிக்கு வீடு திரும்பினால் தலையைத் தூக்கிப் பார்க்க அஸூகியும் தைஸுவும்தான் உண்டு. விஷயம் வெளியே தெரிந்தால் அவற்றைப் பிரிய வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து "டொம்" என்று சத்தம். கிம்பெய் சுவரை முட்டிப் பார்க்கிறது.

"என் தங்கச்சி பையன்" என்றார் நிஷிவாகி. "கிம்பெய்னு பேரு. யாரையும் பார்க்க மாட்டான். ரூமை விட்டு வெளியே வர மாட்டான்."

மிசாவா அம்மா உள்ரூம் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். தன் மகன் ஓசாகாவில் பெரிய கம்பெனியில் இருக்கிறான், ஊருக்கு வர நேரமே கிடைப்பதில்லை என்று லிஃப்டில் மாட்டுகிறவர்களிடமெல்லாம் சொல்கிறவர் அவர். அன்று அதைக்கூடச் சொல்லாமல் போய்விட்டார். பிழைத்தோம் என்று நிஷிவாகி நினைத்தார். பாவம்.

மறுநாளே மிசாவா அம்மா தொகுனாகா டீச்சரோடு வந்து நின்றார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர் இப்போது அந்த வட்டாரத்து நலத் தொண்டர். தனியாகக் கிடக்கும் கிழவர்கள், கதவைச் சாத்திக்கொண்டு வருஷக்கணக்கில் வெளியே வராத பிள்ளைகள் என்று வீடு வீடாகப் போய்ப் பேசுவது அவர் பொறுப்பு. அவர் கிளம்பிவிட்டால் போலீஸ்கூட வழி விடும்.

மணி அடித்ததும் நிஷிவாகி பழைய ஆமைகளை ஒளித்துவைக்க ஓடினார். ஆனால் அப்போதுதான் கிம்பெய்யைத் தொட்டிருந்தார். கையைக் கழுவாமல் அவற்றைத் தொடக் கூடாதே. முகமூடி, ஏப்ரன், கையுறை எல்லாவற்றையும் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டையும் கூடத்தில் படுக்கை மடித்து வைக்கும் அலமாரிக்குள் தள்ளிவிட்டுத் திரும்பினால், டீச்சர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளேயே வந்திருந்தார். நல்லவேளையாக, வாசலிலிருந்து அவர் கண்ணில் பட்டது கை கழுவும் இடம் மட்டும்தான்.

"தாய்மாமன் நீங்களே அவனைத் தொட்டுட்டு இப்படித் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினா, அந்தப் பிள்ளை மனசு என்ன பாடுபடும் தம்பி?"

நிஷிவாகி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். டீச்சரின் கண் அடுத்து உள்ரூம் வாசலில் இருந்த தட்டுக்குப் போனது. அதில் நறுக்கிய கீரை.

"இதைத்தான் தின்னக் குடுக்கறீங்களா?"

"அவன் வேற எதையும் சாப்பிட மாட்டான்."

"நீங்க வேற எதையாவது குடுத்துப் பார்த்திருக்கீங்களா?"

அன்று முதல் டீச்சர் தினமும் சாயங்காலம் கறிக்குழம்புச் சோறோடு வர ஆரம்பித்தார். அவர் வரும் நேரத்துக்கு அஸூகியும் தைஸுவும் கூடத்து அலமாரிக்குள் போய்விடும். தட்டு காலியாகத் திரும்ப வேண்டும் என்பதால், நிஷிவாகி அதை வாங்கிக்கொண்டு உள்ரூமுக்குப் போய், ஆமைக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து, சத்தமில்லாமல் தின்று தீர்ப்பார். கூடத்துக்கு வந்து தன் சமையலையும் தின்பார். பெல்ட்டில் ஓட்டைகள் தீர்ந்துகொண்டே வந்தன.

டீச்சர் உள்ரூம் கதவுக்கு வெளியே மெத்தை போட்டு உட்கார்ந்துவிடுவார். கூடவே வரும் மிசாவா அம்மா, "இப்படிச் சுவரோரமா உக்காருங்க டீச்சர், சாய்ஞ்சுக்கலாம்" என்று தினமும் மெத்தையைச் சுவரோடு ஒட்டி நகர்த்திப் போடுவார். பிறகு டீச்சர் பேசுவார். அவசரமே இல்லை, கிம்பெய். எல்லாரும் ஓடறாங்கன்னு நீயும் ஓட வேண்டாம். உனக்குன்னு ஒரு வேகம் இருக்கு. அதைக் கேட்டு நிஷிவாகி உதட்டைக் கடித்துக்கொள்வார். சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதுதான் அவருடைய கஷ்டம்.

ஒருநாள் டீச்சர் ஒரு கடிதம் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளினார். பாதி உள்ளே போன காகிதம் மீதியையும் யாரோ இழுத்ததுபோல் மெதுவாக உள்ளே போய் மறைந்தது.

"வாங்கிக்கிட்டான்" என்று டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிசாவா அம்மா அவரைவிட அதிகமாக அழுதார். உள்ளே கடிதம் தின்னப்படும் சத்தம் நிஷிவாகிக்கு மட்டும் தெளிவாகக் கேட்டது.

அதன் பிறகு தட்டல் முறை வந்தது. சரி என்றால் ஒரு தட்டு என்று டீச்சர் சொல்லிவைத்தார். வெளியே வர ஆசையா என்று கேட்டார். டொம். மாமா நல்லா பார்த்துக்கறாரா என்று கேட்டார். சத்தமே இல்லை. டீச்சர் திரும்பி நிஷிவாகியைப் பார்த்த பார்வையில் அவருக்கு வியர்த்துவிட்டது.

கோடை முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். ஆனால் டீச்சருக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. நகராட்சியிலிருந்து ஒரு மனநல டாக்டரையும், இந்தப் பையனுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருக்கும் குடியிருப்பின் உரிமையாளரையும் நாளைக்கே அழைத்து வருவதாகச் சொன்னார்.

நிஷிவாகி எழுந்துபோனார். இனி மறைத்துப் பயனில்லை என்று உள்ரூம் கதவை நகர்த்தினார்.

கிம்பெய் வெளியே வந்தது. வாயோரம் டீச்சரின் அன்றைய கடிதத்தின் ஒரு மூலை. யாரையும் மதிக்காமல் கூடத்துப் பக்கம் நடந்தது.

"அங்க விடாதீங்க, அங்க மத்ததுங்க இருக்கு" என்று கத்திக்கொண்டு நிஷிவாகி அதன்மேல் பாய்ந்தார். கத்திய பிறகுதான் தன் வாயாலேயே மீதி இரண்டையும் காட்டிக்கொடுத்தது அவருக்கு உறைத்தது. ஆமையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, மொத்தத்தையும் சொல்லி மன்னிப்புக் கேட்டார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

டீச்சர் ஆமையின் வாயிலிருந்த காகித மூலையை உருவிப் பார்த்தார்.

"கோடை பூரா நான் ஒரு ஆமைக்கா புத்தி சொல்லியிருக்கேன்?" என்றார். "உரிமையாளர்கிட்ட இதை மறைக்க என்னால முடியாது தம்பி." கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மிசாவா அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவர் தூக்கிட்டு வந்த அன்னிக்கே அது ஆமைன்னு எனக்குத் தெரியும் டீச்சர், ஓசாகாவுல இல்ல, இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் என் பையன் வருஷக்கணக்கா கதவைச் சாத்திட்டு இருக்கான், நேத்து அவனா வெளியே வந்து என்கூட உக்காந்து சாப்பிட்டான், யார்கிட்டயும் எதுவும் சொல்லாம நாளைக்கும் வந்து இந்த ஆமைகிட்ட பேசுங்க."