பேய்களுக்குப் பல் கட்டியவர்

பேய்க்குப் பயந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். பேயை ஓட்டியவர்களையும் பார்த்திருப்பீர்கள். பேய்களை வரிசையாக உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, முப்பத்திரண்டும் குறையாமல் பல் கட்டிவிட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். எங்கள் கல்முனைப் பல்லுக் காக்கா. காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன்.

பொய்ப்பல் செய்வது தொழில். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். கல்முனை தொடங்கி அக்கரைப்பற்று வரை கல்யாண வீடுகளில் இறைச்சி கடிபட்டதில் பாதி அவர் தயவு. சுனாமியில் பஸார் வீதிக் கடை தப்பியது. கடற்கரை வீடும் அதிலிருந்த அவர் மனைவி கதீஜா மச்சியும் தப்பவில்லை. ஒரு போட்டோகூட மிச்சமில்லை.

“ஊரெல்லாம் அவவ மறந்து போகுது மனே. எனக்கே சிலநேரம் முகம் கலங்குது,” என்றார் ஒருநாள், வாப்பாவின் உடைந்த பல்செட்டை ஒட்டிக்கொண்டே. நான் அப்போது ஒலுவில் கெம்பஸில் படித்துக்கொண்டிருந்தேன். பார்க்கும் படத்துக்கெல்லாம் நிறை, குறை என்று எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டுவது என் வியாதி. பேச்சை மாற்றுவதாக நினைத்து, ஸ்டொப் மோஷன் படங்களைப் பற்றி அளக்க ஆரம்பித்தேன். பொம்மையை மயிரளவு நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி இன்னொரு படம். வரிசையாக ஓடவிட்டால் பொம்மை தானாக நடக்கும்.

“அப்ப நடத்துறது நான் இல்ல. பாக்கிறவன்ட கண்ணு?”

“ஓம் காக்கா.”

“அப்ப உருவம் செஞ்ச பாவமும் அவனுக்குத்தான்,” என்றவர் பொம்மை செய்ய அப்போதே பல் மெழுகை அடுப்பில் வைத்தார்.

கெமரா ஏற்கனவே இருந்தது. நிவாரணத்துக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர், கட்டிய பல்லுக்கு நன்றியாகக் கொடுத்துவிட்டுப் போனது. குறையாக இருந்தது மார்க்கத் தீர்ப்பு மட்டும்தான். அதற்கும் ஆள் வந்தார். மௌலவி ஒருவர் பல்லுக்கு அச்சு எடுக்க வந்தார். அவர் வாய் நிறையச் சாந்தை அப்பிவிட்டுக் காக்கா பணிவாகக் கேட்டார்:

“உசிருள்ளதிட உருவம் செய்யத்தானே ஏலா, மௌலவி?”

“ம்ம்.”

“அப்ப மவுத்தானவங்கட உருவம் செய்யலாம்?”

“ம்ம்ம்! ம்ம்ம்!”

“மாஷா அல்லாஹ். கேட்டியா மனே, ரெண்டு தரம் செல்லிட்டார்.”

சாந்து இறுகி மௌலவி வாய் திறப்பதற்குள் காக்கா லுஹர் தொழப் போய்விட்டார். படத்தில் எல்லோரும் பேயானது இப்படித்தான். கலை ஆசையெல்லாம் இல்லை. அனுமதி இறந்தவர்களுக்கு மட்டும்தான் கிடைத்தது.

கதை இதுதான்: பிணம் அடக்கும் மையவாடி ஓரத்தில் ஒல்லாந்தர் காலத்துப் பாழ் பங்களா. பிஸ்கற் தகரத்தில் சுவர், ஈர்க்கிலில் பட்ட மரங்கள். உள்ளே பேய்கள் விருந்துக்கு உட்கார்ந்திருக்கின்றன. உயிருள்ள ஒரு மனிதன் வழிதவறி வருகிறான். அவனை விரட்ட வேண்டிய பொறுப்பு ஒரு பெண் பேய்க்கு. உயிருள்ளவனைக் காட்டக்கூடாதே? அதனால் அவன் செருப்பு மட்டும் நடந்து வரும்.

நாட்டில் சண்டை முடிந்த வருடம்தான் படமும் முடிந்தது. இரண்டில் எது முந்தும் என்று பஸாரில் பந்தயம் கட்டாத குறை. பதினொரு நிமிடம். முதலில் எனக்கு மட்டும் ஓடவிட்டுக் காட்டினார். “உள்ளத எழுது. வாசல்ல ஒட்டுவம்,” என்றார்.

எழுதினேன். நிறை: நிழல்கள் அபாரம். பங்களாக் கதவு தானாகத் திறக்கும்போது முதுகு சில்லிடுகிறது. குறைகள் ஏழு. பல் மெழுகு ரோஸ் நிறம் என்பதால் பேய்களெல்லாம் பிறந்த பிள்ளை போலச் செழிப்பாக இருக்கின்றன. கல்முனை வெயிலில் மெழுகு இளகி, விருந்து முடிவதற்குள் ஒரு பேய்க்குக் கழுத்தே இல்லை. ஓரிடத்தில் காக்காவின் கைக்கடிகாரம் தெரிகிறது. செருப்பு எட்டாம் நம்பர், பேய்கள் விரல் நீளம்; செருப்பு தோணி மாதிரி மிதந்து வருகிறது. ஏழாவது: எல்லாப் பேய்க்கும் முத்துப்போல் பல் வைத்தவர், கதாநாயகிக்கு மட்டும் முன்பல்லைப் பக்கத்துப் பல்லின்மேல் ஏற்றிவிட்டார். கவனக்குறைவு.

காக்கா ஆறுக்கும் தலையாட்டினார். ஏழில் நின்றார்.

“இது கவனக்குறைவில்ல மனே. கதீஜாட பல்லச்சு. கடையில கிடந்ததால கடல் விட்டுட்டுப் போயிட்டு. நேராக்கித் தாறன் எண்டு எத்தின தரம் கேட்டன். ‘ஒங்கட கடக்கி நான் என்ன விளம்பரப் பலகையா?’ எண்டுவா.”

நாக்கைக் கடித்துக்கொண்டேன். “ஏழ வெட்டிரட்டா காக்கா?”

“வேணா. கிடக்கட்டும். ஆக்கள் பயப்பிடாட்டிக் காரியமில்ல. ஒரு ஆளாவது அவவ இன்னார் எண்டு செல்லுதா பாப்பம்.”

அஸர் தொழுகைக்குப் பிறகு வாசிகசாலை மண்டபத்தில் படம். பயம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கடலே எழுந்து வந்ததைப் பார்த்த ஊர் மெழுகுக்குப் பயப்படுமா? ரோஸ் பேயைக் கண்டதும் சிரிப்பு. கழுத்தில்லாப் பேய்க்கு விசில். கைக்கடிகாரம் வந்தபோது பின்னாலிருந்து ஒருவன், “காக்கா, நேரம் என்ன?” என்றான். காக்கா குனிந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செருப்பு வந்தது. பெண் பேய் அதை விரட்ட எழுந்தது. விரட்டவில்லை. மயிரளவு மயிரளவாக உதடு விரிந்து, கோணல் பல் தெரியச் சிரித்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. “யா அல்லாஹ்! இது நம்மட கதீஜாட சிரிப்பெல்லுவா!”

“ஓம் புள்ள! அவதான்! அந்தப் பல்லப் பாரு!”

விசிலடித்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பேய் செருப்புக்குள் ஏறித் தோணியில் போல உட்கார, செருப்பு மெல்ல வாசலைத் தாண்டிப் போனது. அப்போதுதான் காக்காவின் காலைப் பார்த்தேன். அதே ரப்பர் செருப்பு. எட்டாம் நம்பர்.

வாசலில் ஒட்டிய தாளைக் கிழிக்கப் போனேன். காக்கா விடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே, “மத்த ஆறும் சரியாத்தான் எழுதியிரிக்கிறாய். ஏழ மட்டும் மேல ஏத்து,” என்றார். ஏழாம் குறையிலிருந்து நிறைகளுக்கு ஒரு அம்புக்குறி போட்டேன்.

காக்காவும் மவுத்தாகி இரண்டு வருடமாகிறது. என் பல்லெல்லாம் இன்னும் உறுதிதான். அவர் திரும்பி வருவாரென்றால், அதில் நல்லதாக ஒன்றைப் பிடுங்கிவிட்டு அவர்முன் வாயைத் திறந்துகொண்டு உட்காருவேன்.