பதின்மூன்று டிக்

ஐந்து குண்டும் ஐந்து திசையில் போயிருந்தன.

கிருத்திகா தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். நாளை மாநில அணிக்கான தகுதிச் சுற்று. கடந்த இரண்டு வருடமும் ஒரே ஒரு புள்ளியில் நழுவியிருந்தது. இம்முறையும் நழுவினால் துப்பாக்கியைத் தொடுவதில்லை என்று தனக்குள் சொல்லியிருந்தாள்.

"புதுத் தோட்டாங்க பாய். பழசு கெடைக்கலீங்க."

பக்கத்தில் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்த ரஷீத் திரும்பாமலே சொன்னார். "அப்ப வளையத்தைத் திருகிப் பாரும்மா."

குழல் நுனியில் ஓர் எடை வளையம். சுடும்போது குழல் மெல்ல நடுங்கும். தோட்டாவும் வெயிலும் மாறினால் அந்த நடுக்கமும் மாறும். வளையத்தைத் தளர்த்தி அதைச் சரிசெய்ய வேண்டும். அதன் எண்கள் பொடிப்பொடியாக இருந்ததால் திருகும்போது எழும் 'டிக்' ஒலியை அவள் காதால்தான் எண்ணுவாள். முழுக்க இறுகியிருந்ததை மூன்று டிக் தளர்த்திவிட்டு, ஐம்பது மீட்டர் நடந்து இலக்குத் தாளை மாற்றி வந்தாள்.

"சித்த ஒதுங்குங்க அம்மிணி," என்றபடி காலித் தோட்டாக்களைப் பெருக்கிக்கொண்டிருந்தாள் கண்ணாத்தாள்.

கிருத்திகா சுட்டாள். ஓட்டைகள் இன்னும் விலகின. வெயில் ஏறிவிட்டது போலும். மேலும் மூன்று டிக். மறுபடி நடை, மறுபடி தாள்.

இப்போது நான்கு ஓட்டைதான் தெரிந்தது.

"நான் அஞ்சுதானே சுட்டேன்?" ரஷீத் தன் தாளை உற்றுப் பார்த்தார். "எனக்கு ஆறு இருக்குதே!"

"ஒண்ணு என்னுதுங்க பாய்."

"வெச்சுக்கட்டுமா?"

கூசிப்போய் மேலும் ஐந்து டிக் தளர்த்தினாள். அடுத்த தாளில் ஒரு குண்டு மரச்சட்டத்தில் பதிந்திருந்தது.

அழுகை வரவில்லை, அசதிதான் வந்தது. ஏதோ நினைவில் இன்னும் இரண்டு டிக் திருகிவிட்டு, கனவில் நடப்பவள்போல் தாளை மாற்றி வந்து படுத்தாள். கண்ணுக்குள் ஆத்தூர்ச் சாலையோரக் களம் விரிந்தது. காயப்போட்ட ஜவ்வரிசி, வெள்ளை வெளேரென்று, ஒரு காலடித் தடமும் இல்லாமல். மூச்சு அதன்மேல் மெதுவாகப் போய் வந்தது. நாளை என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. விரல் தானாக மடங்கியது, ஐந்து முறை.

ரஷீத் தொலைநோக்கியில் குனிந்தார். "நட்ட நடுவுல ஒரே ஓட்டை! மத்த நாலும் எங்கம்மா?"

"அஞ்சும் அதுலதானுங்க!"

நோட்டில் எழுதினாள்: புதுத் தோட்டா, உச்சி வெயில், பதின்மூன்று டிக். ரகசியம் பிடிபட்டுவிட்டது.

கண்ணாத்தாள் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு வந்து, வளையத்தை ஒருமுறை இறுக்கிப் பார்த்தாள்.

"மூடித்தான் இருக்குதுங்க அம்மிணி. நீங்க பாட்டுக்கு இதைத் தொறந்து போட்டுட்டுத் தாளு மாத்தப் போயிர்றீங்க, கேஸ் சிலிண்டராட்டம் என்னமாச்சும் ஆயிப்போச்சுன்னா? காலையில இருந்து ஒவ்வொரு வாட்டியும் நீங்க திரும்பி வாரதுக்குள்ள நாந்தான் இறுக்கி மூடி வெச்சனுங்க!"