கோபுரத்துக்கு ஒரு மணித்தியாலம் கேட்ட போர்

சுன்னாகம் சந்தைத் தராசை நம்பாதான், தரகர் சத்தியத்தை நம்பாதான், மழை வருமென்று வானொலி சொன்ன நாளில் வேண்டுமென்றே குடையின்றிப் புறப்பட்டுத் தொப்பலாய் நனைந்து வந்தும் நம்பாதான், இணுவில் செம்மண் ஆண்ட வெங்காய வேந்தன், ஐயப் பெருங்கடல் ஆழ்வாப்பிள்ளையின் திரண்ட தோள்கள் வாழ்க! அத்தோள்கள் துடித்த போரைக் கேளுங்கள்.

லண்டனில் வாழும் மகள் பிரியந்தினி, தாய் தகப்பனை மூன்று நாள் பாரிஸ் மாநகருக்குக் கூட்டிப்போவதாக அறிவித்தாள். வீரர் வேண்டிய வரம் ஒன்றே: விண்முகடு துளைக்கும் அவ்விரும்புக் கோபுரத்தின் உச்சியில் ஒரேயொரு மணித்தியாலம். ஏனெனில் பக்கத்து வளவு முருகேசு, தான் அதன் உச்சிவரை ஏறியதாக ஊரெல்லாம் முரசறைந்து திரிகிறார்.

"உவன் காட்டின படத்திலை கீழைதானே நிக்கிறான்! நான் ஏறிப் பாத்திட்டு வந்து சொல்லுறன், ஆர் பொய்யனெண்டு!" என்று வஞ்சினம் மொழிந்தார்.

எதிரே, மூக்குக்கண்ணாடிக் கவசம் பூண்டு, கொப்பித்தாள் கேடயமும் பென்சில் வேலும் ஏந்தி எழுந்தருளினாள் மனையாள் நாகேஸ்வரி. பாரிஸ் என்றால் அவளுக்குப் பதினொரு சொந்தக்கார வீடுகள். ஒன்றைத் தவறவிட்டாலும் அந்தப் பழி, விமானத்தை முந்திக்கொண்டு இணுவிலுக்கு வந்து சேரும். கரும்புத் தோட்டத்துள் புகுந்த யானைப்படையென அவள் பென்சில் உழக்க, முதலிரு நாட்களும் வேரோடு சாய்ந்தன. மூன்றாம் நாள் காலை, தாயை இழந்த உதயகலாவிடம் துக்கம் விசாரிப்பு. பின்னேரம், பிள்ளை பெற்ற சாருஜா வீடு. இடையே, இருமலை நடுவண் கணவாய்போல, பன்னிரண்டு முதல் இரண்டு மணிவரை வெறுமையாய்க் கிடந்தது. கண்டார் வேந்தர்! மதகளிறெனப் பிளிறிப் பாய்ந்தார்!

"உதிலை போடு கோபுரத்தை!"

"துக்கவீட்டாலை வந்து தலை தோயாமல் பச்சைப்பிள்ளையைத் தூக்கப்போறியளோ? றூமுக்குப் போய்த் தோய்ஞ்சிட்டு வாறதுக்குத்தான் அந்த நேரம்."

"தாய் மனுசி செத்து எட்டு மாசமப்பா! செத்தவீட்டுத் துடக்கெல்லாம் எப்பவோ கழிஞ்சுது!"

"துக்கம் கேட்டால் கேட்டதுதான்."

அம்பறாத்தூணியின் கடைசிக் கணையை எடுத்தார் வீரர். "கோபுரத்து உச்சியிலை காத்தடிக்கும். உதெல்லாம் காத்தோடை போயிடும்."

"காத்தோடை போறதெண்டால் ஏனப்பா வீட்டிலை கிணறு வெட்டினனாங்கள்?"

விண்ணதிர்ந்தது, வீழ்ந்தது வெண்கொற்றக்குடை. தொலைபேசியில் இருபுறத்து ஓலமும் கேட்டுக்கொண்டிருந்த பிரியந்தினி, அறம்கூறு அவையத்து முதல்வியெனத் தீர்ப்பு வழங்கினாள்: "அப்பா, சண்டை பிடியாதேங்கோ. சாருஜா அக்கா வீட்டை போற பஸ்ஸிலை இருந்து பாத்தால் கோபுரம் தெரியும்."

பொருது களைத்து, புண்பட்டு, படையிழந்து, கொடியிழந்து, முருகேசுவின் பொய்யை உலகறியப் பிளக்கவிருந்த ஒற்றை மணித்தியாலமும் ஒரு வாளித் தண்ணீரில் கரைந்தோடக் கண்ட அம்மறவர் தலைவர், நெடுமூச்செறிந்து, திசையெட்டும் நோக்கி, மீசை நீவி, வாய் திறந்தார்.

யன்னல் பக்கத்துச் சீட் தனக்கு வேண்டும் என்றார்.