என் தாடைக் கல்லும் நீ போட்ட சங்கிலியும்

பாரிவாக்கம்,
6.10.1991

அன்பு மச்சான் கங்காதரனுக்கு உன் அக்காள் புருஷன் கோதண்டம் எழுதிக்கொண்டது. நெய்வேலியில் நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாயிருக்கப் பொன்னியம்மன் துணை. இவ்விடம் எல்லாரும் சுகம், என் கன்னம் உட்பட. கன்னத்தை ஏன் தனியாகச் சேர்த்தேன் என்று கேட்பாய். என் மகள் சாமுண்டீஸ்வரியின் மஞ்சள் நீராட்டுக்கு நீ போட்ட சங்கிலியை நான் மாட்டிக்கொண்டு மைனர் போலத் திரிவதாக உனக்கு யாரோ எழுதிப்போட்டார்களாமே. அது பக்கத்து வீட்டுத் துலுக்கானத்தின் வேலையாகத்தான் இருக்கும். நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் கோபப்படு.

ஆவணி பிறந்ததிலிருந்து சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாலே எனக்கு வலது தாடைக்கு அடியில் வீங்க ஆரம்பித்தது. இட்லிக்குக் கொஞ்சமாக வீங்கும், மீன் குழம்புக்குக் கொழுக்கட்டை அளவுக்கு வீங்கும், கை கழுவிக் கொஞ்ச நேரத்தில் தானாக வற்றிவிடும். உன் அக்காள் வசந்தா ஒரு பார்வை பார்த்தாள். பொன்னுக்கு வீங்கி என்று தீர்ப்புச் சொல்லி, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி, பொன் பட்டால்தான் வற்றும் என்று மகள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான் ஓட்டுவது லேத் மெஷின். அதன் முன்னால் சங்கிலியோடு நின்றால் கழுத்தே போய்விடும் என்று ஃபோர்மன் கத்தினார். கழற்றினால் வசந்தா கத்துவாள். சட்டைக்கு மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு காலத்தை ஓட்டினேன்.

இப்படி இருக்கும்போதுதான் அண்ணனூரிலிருந்து சாமுண்டியைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் பெயர் பரந்தாமன், அங்கே ரயில் ஷெட்டில் வேலை, குனிந்த தலை நிமிராத பிள்ளை. அன்றைக்கென்று மஞ்சளைக் கழுவி, சங்கிலியை மகளுக்கே திருப்பிப் போட்டு, பெரிய மனுஷனாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பஜ்ஜி வாசனை வந்தது பார், எல்லார் கண்ணெதிரிலும் என் கன்னம் எழுந்துவிட்டது. சும்மா இருந்திருக்கலாம் வசந்தா. ஒன்றுமில்லை, பொன்னுக்கு வீங்கிதான் என்று சமாதானம் வேறு சொன்னாள். பையனின் தாயார் பொன்னம்மாள் பஜ்ஜித் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “எனக்கு இருக்கறது ஒரே ஆம்பளப் புள்ள. இது வயசுப் பையனுக்கு ஒட்டிக்கினா கீழ எறங்கிடும். அப்பால அவன் வழியில எனக்குப் பேரன் ஏது?” என்றாள். மகனைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவன் கையில் பாதி பஜ்ஜியோடு தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். அன்று முதல் சாமுண்டியிடமிருந்து எனக்குக் காப்பி வரவில்லை. என் வாயால் என் பெண்ணின் வாழ்க்கை கெட்டது என்று நாலு பேர் சொல்வார்களே மச்சான்.

மறுநாளே பூந்தமல்லியில் காது மூக்கு தொண்டை டாக்டரம்மாவிடம் ஓடினேன். ஒரு விரலை நாக்குக்கு அடியிலும் இன்னொரு கையைத் தாடைக்கு வெளியிலும் வைத்து நெருடினார். பிறகு எலுமிச்சம்பழத்தை நறுக்கி என் மூக்குக்கு நேரே காட்டினார், கன்னம் சொன்ன பேச்சைக் கேட்டு வீங்கியது. பொன்னுக்கு வீங்கி என்றால் காய்ச்சலோடு வந்து நாள் கணக்கில் நிற்கும், இப்படிச் சாப்பாட்டு நேரம் பார்த்து வந்து போகாது, இது எச்சில் வரும் குழாயில் கல் அடைத்திருக்கிறது என்றார். வாய்க்குள் அட்டையைக் கடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள், கல் வெள்ளையாகத் தெரிந்தது. கல் என்றதும் கூட வந்திருந்த வசந்தாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “நான் ஒழுங்கா கல்லு பொறுக்கித்தாம்மா சோறு ஆக்கறேன்” என்று சண்டைக்கே போனாள். அது ரேஷன் அரிசிக் கல் இல்லை, எச்சிலே உறைந்து கல்லாவது என்று டாக்டரம்மா சொல்லியும் அவள் நம்பவில்லை. நாக்கடியில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, லேசாகக் கீறி எடுத்தார்கள். பச்சரிசி அளவுதான் இருந்தது சனியன். இவ்வளவூண்டு கல்லா என் மானத்தை வாங்கியது? நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, கல்லை மருந்து பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள்.

புண் ஆறியதும் அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு அண்ணனூருக்குப் போனேன். அரிசியைக் காட்டி ஏமாற்றுகிறாயா என்றாள் பொன்னம்மாள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “சோறு போட்டுப் பாரும்மா. வீங்கினா பொண்ணு வோணாம்” என்றேன். போட்டாள். வஞ்சிரக் குழம்பு, வறுவல், எலுமிச்சங்காய் ஊறுகாய், ஒன்றும் பாக்கியில்லை. தெருவே வாசலில் நின்று என் தாடையைப் பார்த்தது. பெண் பார்க்கிற ஊரில் பெண்ணின் அப்பன் கன்னத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். மூன்றாம் சோறு வரை ஒரு பிடி பிடித்தேன், கன்னம் அசையவில்லை. பொன்னம்மாளே மோர் ஊற்றினாள். ஐப்பசி முதல் முகூர்த்தத்தில் நிச்சயம். தாய்மாமன் நீ வந்து தட்டு எடுக்காமல் ஆகாது. சங்கிலி சாமுண்டி கழுத்தில் பத்திரமாக இருக்கிறது, நீ வரும்போது உன் கண்ணாலேயே பார்த்துக்கொள். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். நீங்கள் எல்லாரும் கல்லில்லாத சோறும், சோற்று நேரத்தில் வீங்காத கன்னமுமாக நூறு வயது வாழவேண்டும்.

இப்படிக்கு,
கோதண்டம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகிற நேரத்தில் பொன்னம்மாள் அழுதுகொண்டே வந்து நிற்கிறாள். மாப்பிள்ளைக்கு நேற்றிலிருந்து காய்ச்சல், கன்னம் இரண்டும் வீங்கிவிட்டதாம். அவள் மகள் வயிற்றுப் பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்தது, அசல் பொன்னுக்கு வீங்கி. நிச்சயத்தைத் தள்ளிவைக்கக் கேட்கிறாள். இது கீழே இறங்கினால் எங்களுக்கும் பேரன் ஏது, தள்ளுவானேன், விட்டே விடலாம் என்று நானும் வசந்தாவும் குசுகுசுத்தோம். சாமுண்டி காதில் விழுந்துவிட்டது. விறுவிறுவென்று வந்து சங்கிலியைக் கழற்றிப் பொன்னம்மாள் கையில் வைத்தாள். “இத அவருக்குப் போட்டுவுடுங்க அத்தே. வீங்கறதுக்கெல்லாம் ஓடினா யாருதான் குடும்பம் நடத்தறது? வத்தினதும் அவரையே எடுத்துகினு வரச் சொல்லுங்க” என்றாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆகவே மச்சான், உன் சங்கிலி இப்போது அண்ணனூரில் மாப்பிள்ளை கழுத்தில் இருக்கிறது. நிச்சயத்துக்கு நாள் பிறகு எழுதுகிறேன். நீ தட்டை மட்டும் கொண்டுவந்தால் போதும், மிச்சத்தை உன் மருமகளே முடித்துவிட்டாள்.